மூச்சு வாங்காமல் ஓடிப் பழகுங்கள்: நெடுந்தூரப் பயிற்சியின் முதல் பாடம்

கோயம்புத்தூர் மாரத்தான் 2013-இல் தொடங்கியது. கோயம்புத்தூர் கேன்சர் பவுண்டேஷனுக்கு நிதி திரட்டும் ஓட்டம் அது. அண்மை ஆண்டுகளில் டிசம்பரில் நடக்கிறது. அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு ஆகஸ்டில் ஓடத் தொடங்குகிறவர்களில் சிலர் நவம்பரில் எலும்பு மருத்துவரின் வாசலில் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. விடியும் முன் எழுந்தவர்கள், மழைத்தூறலிலும் ஓடியவர்கள், ஒவ்வொரு நாளும் நேற்றைவிட வேகமாக ஓட முயன்றவர்கள். கோளாறு அந்தக் கடைசி விஷயத்தில்தான் இருக்கிறது.

நெடுந்தூரம் ஓடவோ சைக்கிள் மிதிக்கவோ நீந்தவோ விரும்புகிறவர், தம் பயிற்சியின் பெரும்பகுதியை மூச்சு வாங்காத வேகத்தில் செய்ய வேண்டும். கொஞ்சத்தை மட்டும் கடுமையாகச் செய்ய வேண்டும். இதைச் சொன்னால் புதியவர்கள் நம்ப மறுக்கிறார்கள். வியர்த்து விறுவிறுத்து, கால் துவண்டு வீடு திரும்பினால்தான் பயிற்சி செய்ததாக நமக்கு மனம் ஒப்புகிறது. தோட்டத்திலும் தறிக்கூடத்திலும் பட்டறையிலும் உடம்பை முறித்து உழைத்து முன்னேறிய ஊர் நம்முடையது. மெதுவாகச் செய் என்று சொன்னால் ஏமாற்று வேலை போலத் தோன்றுகிறது. ஆகவே அதன் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

தசைக்கு முக்கியமான எரிபொருள்கள் இரண்டு. ஒன்று கொழுப்பு, மற்றொன்று கிளைகோஜன். நாம் உண்ணும் சோறும் களியும் சர்க்கரையாகி, தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் வடிவம்தான் கிளைகோஜன். ஒருவர் உடலில் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரை அது இருக்கும். அதாவது 2,000 கலோரிக்குள். ஓடுவதற்கு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை முடிக்க 2,500 கலோரி தேவை. கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு உள்ள தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். கிளைகோஜனை மட்டும் நம்பி அந்தச் சாலையில் ஓடினால், கிணத்துக்கடவைத் தாண்டிக் கோவில்பாளையம் நெருங்கும்போது கையிருப்பு தீர்ந்துவிடும். மாரத்தானில் 30 கிலோமீட்டருக்குப் பிறகு பலர் திடீரென்று கல்லாக நின்றுவிடுவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

கொழுப்போ ஒல்லியான மனிதரிடமும் பல்லாயிரம் கலோரிக்கு இருக்கிறது. ஆனால் அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். எரியும் வேகமும் குறைவு. நிதானமாக ஓடும்போது உடல் கொழுப்பிலிருந்து கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறது. வேகம் கூடக் கூட அது கிளைகோஜனின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. வாரக்கணக்கில் நிதானமாக ஓடிவந்தால் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன; ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை ஆற்றலாக மாற்றும் நுண்ணுறுப்புகள் அவை. தசை நார்களைச் சுற்றி மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் புதிதாக முளைக்கின்றன. இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. அதனால்தான் தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது நாடி மெதுவாக அடிக்கிறது. இவை எல்லாம் சேர்ந்தால், முன்பு மூச்சிரைக்க வைத்த வேகமே சில மாதங்களில் பேசிக்கொண்டு ஓடும் வேகமாகிவிடும்.

வேகமாக ஓடினாலும் இதே மாற்றங்கள் நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு உடல் கொடுக்கும் விலை பெரிது. இன்று கடுமையாக ஓடியவருக்கு நாளையும் நாளை மறுநாளும் கால் கனக்கும். நிதானமாக ஓடியவர் நாளையே மறுபடி ஓடலாம். ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால், நிதானமாக ஓடியவர் சேர்த்து வைத்திருக்கும் தூரமே அதிகம். நெடுந்தூர விளையாட்டில் அந்தச் சேமிப்புதான் பேசும்.

இதை உலகுக்கு உரக்கச் சொன்னவர்களில் முதன்மையானவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் என்ற அளவைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து வகுத்தவர். தம் பகுதி இளைஞர்களை மலைச்சாலைகளில், மூச்சு கட்டுக்குள் இருக்கும் வேகத்தில், மாதக்கணக்கில் ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில், ஒரு மணி நேர இடைவெளிக்குள், அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். பேரி மகீ மாரத்தானில் வெண்கலம் பெற்றார். என்னை வியக்க வைப்பது ஸ்னெல்லின் வெற்றிதான். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் 800 மீட்டருக்காக, அவர் 35 கிலோமீட்டர் மலை ஓட்டங்களை ஓடியிருக்கிறார்.

லிடியார்டுக்கு முன்பு செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக் இருந்தார். 400 மீட்டர்களை விரட்டி விரட்டி ஓடி, 1952 ஹெல்சிங்கியில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற மாமனிதர். அவரைச் சுட்டிக்காட்டி, கடுமையாக ஓடினால்தான் வெல்லலாம் என்று என்னிடம் வாதிடுவோர் உண்டு. அவர் உடம்பு அபூர்வமானது. அவர் ஓடிய தூரங்களும் அபூர்வமானவை. அதைப் புதியவர் நகலெடுக்கக் கூடாது. பின்னாளில் நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், துடுப்புப் படகு, பனிச்சறுக்கு, சைக்கிள், ஓட்டம் ஆகியவற்றின் உலகத்தரப் போட்டியாளர்கள் உண்மையில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பார்த்தார். பத்துப் பயிற்சிகளில் ஏறத்தாழ எட்டு நிதானமானவை, இரண்டு மட்டுமே கடுமையானவை. புதியவர்கள் செய்வது இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்வது: நிதான நாளிலும் கொஞ்சம் வேகம், வேக நாளில் கால் வராததால் கொஞ்சம் மந்தம். எல்லா நாளும் ஒரே அரைகுறை வேகம். களைப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

சரி, எவ்வளவு மெதுவாக? கருவி எதுவும் வேண்டாம், வாய் போதும். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையின் ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர். அங்கே காலையில் ஒரு பெரியவரும், அவருடைய தம்பி மகனும் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பையன் கல்லூரி மாணவன். பெரியப்பாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். ஓடிக்கொண்டே அவர் கேட்டார்: “கண்ணு, நேற்று தோட்டத்தில் என்ன வேலை நடந்தது?” அவன், “தேங்காய்... போட்டார்கள்... பெரியப்பா” என்றான். “எத்தனை காய் இருக்கும்?” பையன் வாய் திறக்காமல் கையை மட்டும் அசைத்தான். “அப்படியானால் நட” என்றார் பெரியவர். இருவரும் நடந்தார்கள். பையனின் முகச் சிவப்பு தணிந்து, எத்தனை காய் என்ற கணக்கும் யார் ஏற்றிப் போனார்கள் என்ற கதையும் முழு வாக்கியங்களாக வந்த பிறகுதான் மறுபடி ஓடத் தொடங்கினார்கள்.

சோதனை அவ்வளவுதான். இரண்டு மூன்று வாக்கியங்களைத் தொடர்ந்து சொல்ல முடிந்தால் அது நிதான ஓட்டம். வாக்கியம் நடுவில் உடைந்தால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். தனியாக ஓடுகிறவர்கள் தமக்குத் தாமே ஒரு குறளைச் சொல்லிப் பார்க்கலாம். ஒரே மூச்சில் ஏழு சீரும் வர வேண்டும். தொடக்கத்தில் இந்த வேகத்தில் ஓடவே முடியாமல் நடக்க வேண்டிவரும். நடங்கள். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போவதும் முறையான பயிற்சிதான். பக்கத்தில் நடந்துபோகிறவர் உங்களைத் தாண்டிப் போனாலும் கவலைப்படாதீர்கள்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பைப் பலர் நம்புகிறார்கள். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்ற சூத்திரம் ஒரு பெரும் கூட்டத்தின் சராசரிக்குச் சரி; தனி ஆளுக்குப் பத்துத் துடிப்புக்கு மேலும் தவறலாம். வெயில் காலத்தில் கணக்கு இன்னும் குழம்பும். தோலைக் குளிர்விக்க இரத்தம் அங்கே திருப்பிவிடப்படுவதாலும், வியர்வையில் நீர் போவதாலும், அதே வேகத்திலேயே துடிப்பு ஏறிக்கொண்டு போகும். சித்திரை, வைகாசியில் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அப்போது மார்கழி மாத வேகத்தை எதிர்பார்ப்பது உடம்புக்குச் செய்யும் கொடுமை. வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் பிடிக்கும். அதுவரை தூரத்தையும் வேகத்தையும் குறைத்தே ஓடுங்கள்.

காற்றும் அப்படியே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் மேற்குக் காற்றைப் பல்லடம், உடுமலைப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. கிழக்கே போகும்போது பறப்பது போல இருக்கும். திரும்பி வரும்போது நகராது. வேகமானியைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து மிதியுங்கள். முதலில் காற்றை எதிர்த்து மேற்கே போய்விட்டால், களைத்துத் திரும்பும்போது காற்று துணைக்கு வரும்.

மலைச்சாலை இன்னும் கண்டிப்பான ஆசிரியர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. முதல் சில வளைவுகளில் புதியவர் செய்வதைக் கவனித்தால் தெரியும். கனமான கியரில், இருக்கையிலிருந்து எழுந்து நின்று, உடலை இடமும் வலமும் சாய்த்து அழுத்துகிறார். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மூட்டு முன்னே தள்ளப்படுகிறது. பத்தாவது வளைவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிடுகிறார். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி, கால் இலகுவாகச் சுழல, உட்கார்ந்தபடியே பேச முடிகிற மூச்சோடு ஏறுகிறவர் அதே நேரத்தில் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார். ஏற்றம் நீளமானால் தொடக்கம் சலிப்பூட்டும் அளவுக்கு நிதானமாக இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது மூச்சையும் இதயத்தையும் பற்றி. காயம் வருவது வேறு இடத்தில். இதயமும் இரத்தமும் சில வாரங்களில் தேறிவிடும். தசை அதற்குப் பிறகு. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் எலும்பும் பல மாதங்கள் கேட்கும். எலும்பு, சுமைக்கு ஏற்பத் தன் பழைய பகுதிகளைக் கரைத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகலாம். நடுவில் கொஞ்ச காலம் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். தளம் போட்ட மறுநாளே அதன்மேல் சுமை ஏற்றும் வீட்டுக்காரர் கிடையாது; பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி நாள் எண்ணிக் காத்திருக்கிறார். ஓடத் தொடங்கிய ஆறாவது வாரத்தில் மூச்சு நன்றாக வருகிறது என்று தூரத்தை இரட்டிப்பாக்குகிறவர் அந்தப் பொறுமையைத் தம் கால் எலும்புக்குத் தருவதில்லை. கீழ்க்கால் முன்னெலும்பில் விரல் வைத்து அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீர் என்று வலிக்கிறதா, குதிகாலுக்கு மேலுள்ள நாண் காலையில் எழுந்ததும் விறைத்து நொண்ட வைக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் எச்சரிக்கை. முதலாவதோடு ஓடவே கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பழனிப் பாதயாத்திரையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பங்குனி உத்திரத்துக்கு நடப்போரும் உண்டு. ஆண்டு முழுவதும் காடுகரைகளில் நடந்து வேலை செய்கிற பெரியவர்கள், எழுபது வயதிலும் நிதானமாக நடந்து போய்ச் சேருகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்யும் இளைஞர்கள் முதல் நாள் பாட்டும் கூத்துமாக முன்னே ஓடி, இரண்டாம் நாள் கால் முழுக்கக் கொப்புளத்தோடு சாவடியில் படுத்துவிடுகிறார்கள். பக்தியில் இருவருக்கும் குறைவில்லை. பெரியவர்களின் பாதமும் எலும்பும் பல ஆண்டுகளாகச் சுமைக்குப் பழகியவை.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்று ஒரு விதி புழங்குகிறது. அதற்கு உறுதியான அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனாலும் அவசரப்படாதே என்று நினைவூட்டுவதால் நான் அதை வெறுக்கவில்லை. என் அறிவுரை வேறு. ஒரு தூரத்துக்கு வந்தால் அங்கேயே இரண்டு மூன்று வாரம் நில்லுங்கள். உடம்பு சலனமில்லாமல் அதை ஏற்றுக்கொண்ட பிறகு அடுத்த படிக்குப் போங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் கணிசமாகக் குறையுங்கள். தார்ச்சாலையை மட்டுமே நம்பாமல் கீழ்பவானி வாய்க்கால் மேடு போன்ற மண்பாதைகளிலும் ஓடுங்கள். வெவ்வேறு தரையில் ஓடும்போது ஒரே இடத்தில் சுமை குவிவதில்லை.

உடல் வலுப்பெறுவது ஓடும்போது இல்லை, ஓடி முடித்த பிறகு. அதில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது. இதை நான் திருப்பூர் நண்பர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, தூக்கத்தை விற்று ஓட வருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களின் உறுதி எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது. ஆனாலும் நான்கு மணி நேரமே தூங்கிய நாளில் ஓடாமல் தூங்குவதே அன்றைய பயிற்சி. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடியைப் பிடித்துப் பாருங்கள். வழக்கத்தைவிடத் தொடர்ந்து சில நாள் கூடுதலாக இருந்தால், எரிச்சல் மிகுந்தால், களைத்திருந்தும் தூக்கம் வராவிட்டால், ஓட்டத்தின் மேலேயே வெறுப்பு வந்தால், உடம்பு கடனில் இருக்கிறது என்று பொருள். ஓடும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதும் அப்படி ஒரு அறிகுறி. செலவுக்கு ஈடாகச் சாப்பாடு போகவில்லை, எலும்பு தேயத் தொடங்கலாம் என்று அது எச்சரிக்கிறது. நன்றாக ஓடுகிறாய், மெலிந்துவிட்டாய் என்று பாராட்டி அதைக் கடந்துபோகும் பயிற்சியாளர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

சாப்பாட்டுக்கு விலையுயர்ந்த டப்பா எதுவும் தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு முன்னதாக ஒரு வாழைப்பழம் போதும். ஓட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்த தண்ணீர் அந்த வேலையைச் செய்யும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போன உப்பை அது மட்டும் ஈடுகட்டாது. முடித்த பிறகு நம் வீட்டு அரிசி பருப்பு சாதத்தில் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்தே இருக்கின்றன. தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களிடம் அது அதிகம் காணப்பட்டது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடுமையான பயிற்சி எப்போது? தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் நிதானமாக ஓடி, வலி எதுவும் இல்லாமல் இருக்கும்போது, வாரத்தில் ஒரு நாள். சமதரையில் விரட்டி ஓடுவதைவிட மேட்டில் ஏறுவதை நான் விரும்புகிறேன். இதயத்துக்கு அதே உழைப்பு, மூட்டுக்கு அடி குறைவு. மருதமலைச் சாலையோ சென்னிமலையின் 1,320 படிகளோ போதும். ஏறும்போது மூச்சு வாங்கட்டும், அன்றைக்கு அதற்கு அனுமதி உண்டு. இறங்கும்போது மட்டும் நடந்து இறங்குங்கள். தொடைத்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குவது இறக்கத்தில்தான். மறுநாள் உட்கார்ந்தால் எழ முடியாத வலி அதனால் வருவது. அதை, கடுமையாக ஓடும்போது தசையில் உருவாகும் லாக்டிக் அமிலத்தின் (லாக்டேட்) வேலை என்று இன்னும் சொல்கிறார்கள். லாக்டேட் ஓடி முடித்த ஒரு மணி நேரத்திலேயே பழைய அளவுக்குத் திரும்பிவிடும்; தசையும் இதயமும் அதை எரிபொருளாகவும் எடுத்துக்கொள்கின்றன. மறுநாள் வலி, தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவால்.

ஒரு வாரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அரை மணி முதல் முக்கால் மணி வரை பேச்சு வேகத்தில் ஓட்டம். ஞாயிறன்று நீண்ட ஓட்டம். மேட்டுப் பயிற்சியும் நீண்ட ஓட்டமும் அடுத்தடுத்து வரக் கூடாது; ஆகவே முதல் இரண்டு மூன்று மாதம் கழிந்து மேட்டுப் பயிற்சி தொடங்கியதும், அதை வியாழனன்று வைத்துக்கொண்டு சனிக்கிழமை ஓய்வு எடுங்கள். மீதி நாட்களில் நடை, கெண்டைக்காலுக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சி. நாற்பதைக் கடந்தவர்கள், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு வரலாறு உள்ளவர்கள், மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தது. அடுத்த அடி மருத்துவமனைக்கு.

முதல் ஆண்டில் மாரத்தானுக்கே பெயர் கொடுக்க வேண்டியதில்லை. 10 கிலோமீட்டர் ஓட்டம் நல்ல தொடக்கம். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். கால் துறுதுறுக்கும், பயிற்சி போதவில்லையோ என்று பயம் வரும், கடைசியாக ஒருமுறை முழுத் தூரத்தையும் ஓடிப் பார்க்கத் தோன்றும். ஓடாதீர்கள், அந்த இரண்டு வாரத்தில் புதிய வலு எதுவும் சேராது, களைப்பு மட்டும்தான் சேரும். போட்டி நாளன்று முதல் மூன்று கிலோமீட்டரைப் பக்கத்தில் ஓடுகிறவரிடம் பேசிக்கொண்டே கடந்துவிடுங்கள். வேகம் கூட்ட மனமிருந்தால் கடைசி மூன்று கிலோமீட்டர் இருக்கிறது.